கேட் திறக்க இரண்டு பேர்

"ஆண்டவரே, நாளைக்கு எனக்கு விடியவே கூடாது." சபையாரே, போன வருடம் இப்படி ஜெபித்தவள் நான். கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

என் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். திருப்பரங்குன்றத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டில், என் அறையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளுடைய வெறும் கட்டிலும் நானும் மிச்சம். எனக்கு ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை தெரியாது. யாரும் திட்டவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை. குளிக்கக்கூடப் பிடிக்கவில்லை. வகுப்புக்குப் போவதும் நின்றது. நான் மெஸ்ஸுக்கு வரவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

அம்மாவிடம் போனில் அழுதேன். "ஜெபக் குறைவுடி பாப்பா. கதவைப் பூட்டிக்கிட்டு முழங்கால் போடு" என்றார்கள். தனி ஜெபம் என்றால் கதவைப் பூட்ட வேண்டும் என்பது ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்குப் பழக்கம்தானே. பூட்டினேன். உபவாசமும் இருந்தேன். சாப்பிடவே பிடிக்காதவளுக்கு உபவாசம் எவ்வளவு வசதி! யாரும் உள்ளே வரவில்லை, நானும் வெளியே போகவில்லை. ஆண்டவருக்கும் நான் வேண்டாம் போல என்று நினைத்தேன்.

ஒரு நாள் விடியற்காலை, முழங்காலில் இருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். எனக்கு எரிச்சல்.

"யாரு?"

"ஹேமா. பக்கத்து ரூம்."

பரமக்குடிப் பெண். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அதுவரை அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"டாக்டர் என்னைய நடக்கச் சொல்லிருக்காரு. ரெண்டு பேரா வந்தாத்தான் வாட்ச்மேன் அண்ணே கேட்டைத் தொறப்பேங்கிறாரு. சும்மா கூட வாரியா?"

"ஜெபம் பண்றேன்."

"முடிச்சிட்டு வா. நிக்கிறேன்."

நின்றாள். போகவே இல்லை. அவளை விரட்ட வழி தெரியாமல்தான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

கண்மாய்க் கரைக்குப் போனோம். வழியில் கோபுரத்தைப் பார்த்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் என் ஆண்டவரிடம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். கரையில் ஏறியதும் முகத்தில் காற்று பட்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. நடையை மட்டும் மெதுவாக்கினாள். திரும்பி வந்ததும் சொன்னாள்: "நாளைக்கும் வந்துருடி. நீ வராட்டி எனக்குக் கேட் தொறக்காது."

அன்று ஜெபத்தில், விடியக் கூடாது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு நான் ஒருத்திக்கு வேண்டுமே!

ஒரே நாளில் சுகமாகிவிட்டேன் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. எழுந்திருக்க முடியாத காலைகள் நிறைய இருந்தன. ஹேமா கதவை இடி இடி என்று இடிப்பாள். நடக்க நடக்கப் பசி எடுத்தது. பேச்சும் வந்தது. ஒரு நாள் நடந்துகொண்டே, "எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பதறவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்து, "நடையை மட்டும் விட்டுறாதம்மா" என்றார். அம்மா விஷயம் தெரிந்ததும் பஸ் பிடித்து ஓடி வந்தார்கள். மறுநாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு கண்மாய்க் கரையில் நடந்தார்கள். "பூட்டச் சொன்னவ நான்தானே" என்று வழியெல்லாம் அழுதார்கள்.

தனியாக அழுகிற பிள்ளைகளே, ஜெபியுங்கள். நானும் இன்றும் கதவைப் பூட்டித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் யாராவது தட்டினால் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து திறங்கள். நம்மைத் தேடி ஆண்டவர் யாரை அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது.

எங்கள் ஹாஸ்டல் மாடியில் இப்போது ஓர் அறை எந்நேரமும் பூட்டியே கிடக்கிறது. நாளைக் காலையில் அந்தக் கதவை நான் தட்டப்போகிறேன். அந்தப் பிள்ளை திறக்க வேண்டும். அதற்காக எல்லோரும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.