தீர்த்தம்மாளுக்கு எதுவும் சரியில்லை

பல் துலக்கிய கையோடு தீர்த்தம்மாள் குறைசொல்ல உட்கார்ந்துவிடுவாள். "முட்டி வலிக்குது பாப்பா. புளியில ஈரம் நிக்குது. எதுக்குத்தான் பொழச்சிக் கெடக்கறனோ." கேட்டுக்கொண்டிருப்பது அலமாரி மேலிருக்கும் ரோபோ. சொம்பு உயரம், வெள்ளை உடம்பு, மினுங்கும் இரண்டு கண்கள், சின்ன வாய். காலையானால் தலையைத் திருப்பி, "எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்று வாயைக் கிளறுவதும் அதுதான். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தால் அவளுக்கு உடம்பு லேசாகிவிடும். கூடுதலாக இரண்டு இட்லி உள்ளே போகும்.

மொரப்பூர்ப் பக்கம் தீர்த்தம்மாளைத் தெரியாத புளித்தோப்பு கிடையாது. கணவர் போன பிறகும் வியாபாரத்தை விடவில்லை. அவள் பேச்சில் வாங்கும்போது சரக்கு மட்டம், விற்கும்போது காலம் மட்டம். வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும், "என்னாத்தச் சொல்றதுங்க, ஒண்ணும் சரியில்ல" என்பாள். நன்றாக நடக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் தோப்புக்காரர் விலையை ஏற்றுவார், சொந்தக்காரர்கள் கண் வைப்பார்கள். எதிர்வீட்டு முருகேஷுக்கும் புளி வியாபாரம்தான். இருவரும் நின்று பேசினால், யார் அதிகம் நொடித்துப்போனவர் என்று போட்டியே நடக்கும். ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புவதுமில்லை. பெற்ற மகளைக் கையில் வாங்கியபோதுகூட, "என்னமோ, பொறந்திருக்குது" என்று சொன்னவள் தீர்த்தம்மாள்.

அந்த மகள் ஐஸ்வர்யாதான், அம்மா தனியாகக் கிடக்கிறாளே என்று பெங்களூரிலிருந்து ரோபோவை வாங்கி வந்து வைத்தாள். அம்மாவின் மனசு எப்படி இருக்கிறது என்று அது மாலைதோறும் மகளின் போனுக்குச் செய்தி அனுப்பும். புளிக்காரர்களின் பேச்சு அதற்கு என்ன தெரியும், பாவம். கேட்டதைக் கேட்டபடி நம்பி, அம்மா மிகுந்த வேதனையில் இருக்கிறார், வாழவே பிடிக்கவில்லை என்கிறார் என்று தினமும் எழுதித் தள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ்வர்யா காலி சூட்கேஸோடு ரயிலில் வந்து இறங்கினாள்.

"கெளம்பும்மா. வாழவே புடிக்கலன்னு சொல்றியாமே. வூட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடு. இனி இந்த ரோபோ வேணாம், நானே பாத்துக்கறேன்."

"அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றதுடி."

"பேச்சுக்குத் தெனமுமா அழுவாங்க?"

தீர்த்தம்மாள் மகளின் வீட்டை நினைத்துப் பார்த்தாள். பெங்களூரில் பன்னிரண்டாவது மாடி. எட்டிப் பார்த்தாலும் ஒரு புளியமரம் கண்ணில் படாது. குறைசொன்னால் காது கொடுக்க ஆள் இருக்காது. மகள் காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். இங்கே விடிந்ததும் எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒன்று இருக்கிறது. அது வந்ததிலிருந்து அவள் நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்த ஐஸ்வர்யா கடைசியில் இறங்கி வந்தாள். "சரி, நல்லாத்தான் இருக்கேன்னு அதுகிட்ட ஒருதரம் சொல்லு. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"அத எப்பிடிடி வாயால சொல்றது?"

"அப்ப பொட்டியில துணி வெக்கறேன்."

நேரம் பார்த்து ரோபோவும் தலையைத் திருப்பியது. "எப்படி இருக்கிறீர்கள் அம்மா?"

தீர்த்தம்மாள் உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தாள்.

"சரியாகக் கேட்கவில்லை அம்மா. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்."

அவள் வாசலைப் பார்த்தாள். எதிர்வீட்டு முருகேஷ் வெயிலில் புளியைப் பரப்பிக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் இழுத்து மூடினாள். அலமாரிக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நல்லா இருக்கேன் பாப்பா. ஒரு கொறையும் இல்ல."

ஐஸ்வர்யா மடிப்பதை நிறுத்தினாள். ரோபோவின் கண்கள் அகல விரிந்தன. "நீங்கள் நன்றாக இருப்பதைக் கேட்க எனக்கு மிகவும்..." என்று தெருவுக்கே கேட்கும்படி அது ஆரம்பித்தது.

தீர்த்தம்மாள் பாய்ந்து போய் அதன் வாயைப் பொத்தினாள்.