துப்பாக்கிக்கு ஒரு துளைத்தகடு

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பெண்களை வளர்த்தேன். அவர்கள் அப்பா போன பிறகு, ரயில்வே பட்டறையில் அவருக்குப் பதிலாக எனக்கு வேலை கொடுத்தார்கள். கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ஆனால் இருபத்தாறு வருஷம் துளை போடும் மெஷினில் நின்றேன். என் துளை கோணியது என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

இப்போது தார்நாகாவில் கடைசி மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளையிடம் அவர் தாத்தாவின் பழைய துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு இருக்கிறது. அடியில் உள்ள வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் அட்டையைச் சுடுவார், வேறெதையும் சுட்டதில்லை. வயது ஐம்பது தாண்டியதும், குறிபார்க்கிற பின்குறியின் வெட்டு பஞ்சு மாதிரித் தெரிகிறது என்றார். லைசென்ஸ் புதுப்பிக்கிற மாசம் வேறு. கண் போனவனுக்கு எதற்கு, ஒப்படைத்துவிடுகிறேன் என்று மகளிடம் சொன்னார். அவர் அதைத் துடைத்து வைக்கிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன். அது போனால் மனுஷர் பாதியாகிவிடுவார்.

கண்ணருகே சின்னத் துளை வைத்த தகடு இருந்தால் குழல் நுனியில் இருக்கிற முன்குறி தெளிவாகத் தெரியும் என்று கிளப்பில் சொன்னார்களாம். அவர் துப்பாக்கிக்குப் பொருந்துகிற தகடு கடையில் இல்லை. துளைதானே, நான் போடுகிறேன் என்றேன்.

துப்பாக்கியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் படுகிற இடத்தருகே ஒரு திருகு ஏற்கெனவே இருந்தது. துப்பாக்கியில் அரம் படாமல், பித்தளைப் பட்டையை முழங்கை போல மடக்கி அந்தத் திருகில் உட்காரவைத்தேன். முதலில் அட்டையில் வெட்டி வைத்து உயரம் பார்த்துக்கொண்டேன். துளை போட்டு, பிசிறைத் துளை போடுகிற பெரிய பிட்டால் கையாலேயே திருகி எடுத்தேன். எங்கள் வீட்டில் பித்தளை என்றால் புளிதான். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு அதையும் புளி போட்டுத் தேய்த்தேன். பொன்னாக மின்னியது. தோட்டா இல்லாத துப்பாக்கியில் மாட்டி, கூடத்துச் சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்தவர், நறுக்கென்று தெரிகிறது என்றார்.

ஞாயிறன்று நானும் போனேன். அங்கிருந்த எல்லோரிடமும் நான் செய்தது என்று சொல்லியாயிற்று. வெயில் முதுகுப்பக்கம். பத்துத் தோட்டாவில் மூன்றுதான் அட்டையில் பட்டது. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். பக்கவாட்டில் நின்ற எனக்கு, தகட்டிலிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் அவர் இமையில் ஆடுவது தெரிந்தது. புளியின் வேலை என்று அந்த நொடியே புரிந்தது. சுற்றி நான் பெருமையடித்த ஆட்கள். வாய் திறக்கவில்லை.

காரில் மகள், இன்னொரு தடவை பார்க்கலாமே என்றாள்.

"நக்கோ, வேண்டாம். அத்தை தகடு ஜோரா இருக்கு. என் கண்ணுதான் கெட்டுப்போச்சு. புதன்கிழமை போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்துடறேன்."

அப்போதும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் லைசென்ஸ் காகிதங்களை மேஜைமேல் அடுக்கினார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளை, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. புளி போட்டு நான் தேச்சதுதான் தப்பு. வெயில் பட்டு அது உங்க கண்ணைக் கூசவெச்சுது. எனக்கு அங்கயே தெரியும்."

"ரெண்டு நாளாவா, அத்தை?"

"ஹவ்," என்றேன், ஆமாம் என்பதற்கு அவர் சொல்கிற மாதிரியே. அவர் சிரிக்கவில்லை. காகிதங்களை ஓரமாகத் தள்ளிவைத்தார். உள்ளே எடுத்து வைக்கவில்லை.

என் பெண்களுக்குக் கண்மை எடுத்தது போலவே விளக்கெண்ணெய்த் திரி ஏற்றி, தகட்டை அதன்மேல் பிடித்து மினுக்கம் போகக் கரியேற்றினேன். அடுத்த ஞாயிறு அவரை மட்டும் அனுப்பினேன். மத்தியானம் வந்து அட்டையை என் முன்னால் வைத்தார். எட்டுத் துளை, நெருக்கமாக. லைசென்ஸைப் புதுப்பிக்க எழுதிக் கொடுக்கப்போவதாக மகளிடம் சொன்னார். அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் இன்றுவரை அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் அதற்குமேல் சொல்லவில்லை.

எழுதிட்டியாடி? உங்க அப்பா கூடத்துலதான் இருக்கார். கார்ல நான் வாயை மூடிக்கிட்டு வந்தேன் பாரு, அந்த இடத்துலேர்ந்து படி. கொஞ்சம் சத்தமாவே படி.