வியாழனின் நிலவுகளைப் பார்க்கக் கொல்லிமலைக்கு

1932, மாசி மாதம். காலை ஆறு மணிக்குப் புளியஞ்சோலையிலிருந்து ஏறத் தொடங்கினோம். தொலைநோக்கிப் பெட்டியைத் தலையில் வைத்ததுமே சடையன் முகம் சுளித்தார். மலைமேல் மிளகும் சாமையும் பயிரிடுபவர். கூலி எட்டணா; தங்கல் அவர் வீட்டிலேயே.

"ஏனுங்க, உள்ள அம்மிக்கல்லுங்களா?"

"நிலா பார்க்கிற கண்ணாடி."

"நிலாவ நாங்க சும்மாவே பாக்கறமுங்க."

நியாயம்தான். ஆனால் நான் பார்க்க வந்தது வியாழனுடைய நிலவுகளை. அவற்றில் ஒன்று இன்னொன்றை மறைக்கும் காட்சி ஆறு வருஷத்துக்கு ஒருமுறை, சில மாதங்கள்தான் வாய்க்கும். பினாங்கில் ரப்பர் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருக்கும் என் தம்பி ராஜு எழுதியிருந்தான்: இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே ஏழரை, இருவரும் ஒரே நேரத்தில் பார்ப்போம். அவன் கப்பலேறி எட்டு வருஷமாகிறது. அவனோடு சேர்ந்து ஒன்றைச் செய்ய எனக்கு வேறு வழியில்லை. திருச்சியின் புழுதி வானத்தை நம்ப முடியாமல்தான் இந்த ஏற்றம்.

நடுப்பகலில் ஊர் சேர்ந்தோம். சடையனின் மனைவி குப்பாயி களியும் கீரையும் போட்டார். சாப்பிட்டபடியே தம்பியின் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். பொழுது இறங்கியதும் பள்ளத்தின் விளிம்பில் முக்காலியை நிறுத்தினேன். எதிர்மேட்டில்தான் அவர்கள் மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தினமும் இருட்டியதும் தாய் இங்கிருந்து கூவுவார். மகள் அங்கிருந்து பதிலுக்குக் கூவுவாள். அன்று நான் குழாயில் கண் வைத்திருந்ததால் குப்பாயி கூவாமல் பக்கத்தில் நின்றார்.

ஏழரை. இரண்டு புள்ளிகள் நெருங்கின, ஒட்டின, ஒன்றாயின. ராஜு, பார்க்கிறாயாடா?

"தம்பி பாத்திருப்பாருங்களா?" என்றார் குப்பாயி.

"யாருக்கம்மா தெரியும்? அங்கே மழையோ என்னவோ."

"ஒரு கொரல் குடுங்க சாமி."

"பினாங்குக்குக் கேட்காதே."

"காத்து எதுத்தா எம் மவளுக்குந்தான் கேக்காதுங்க. அதுக்காவ கூப்புடாம இருப்பனுங்களா?"

வெட்கத்தை விட்டு, கிழக்கே பார்த்து, "ராஜூ!" என்று கத்தினேன். எதிர்மேட்டிலிருந்து "ஓ... ஓ..." என்று ஒரு பெண்குரல் வந்தது. அந்நேரத்தில் பள்ளத்தைத் தாண்டி வரும் குரல் எதுவானாலும் அவளுக்குத் தாய்வீட்டுக் குரல்தான். குப்பாயி சிரித்துவிட்டுத் தாமும் கூவினார்.

மறுநாள் இறங்கினேன். திருச்சியில் வாசலில் நின்று இப்படிக் கத்தினால் பைத்தியம் என்பார்கள். அந்தப் பதில் எனக்கு வந்ததல்ல என்று தெரியும். ஆனாலும் இந்த எட்டு வருஷத்தில் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பதில் கேட்டது அன்றுதான்.