குமார் கட்டிய நகரம்

“...நீ காவல் இருப்பேன்னு நம்பித்தானடா தங்கச்சி கல்யாணத்துக்குப் போனேன்! என் சிட்டியையே கொளுத்த விட்டுட்டியே!” என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் சட்டையைப் பிடித்தான் ஆட்டோ ஓட்டும் குமார்.

ஆயிரக்கணக்கான பேர் ஆடும் ஆன்லைன் கேமில் நாங்களும் ஆளுக்கொரு நகரம் கட்டிவந்தோம். அவனுடையது பெரிதாகிவிட்ட வயிற்றெரிச்சலில், எதிரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டவனே நான்தான்.

“கேம்தானே, இன்னா இப்போ?” என்றேன்.

விட்டான் ஒரு குத்து, உதடு கிழிந்தது. நான் டீ கிளாசால் அடித்ததில் அவன் புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது.

அந்நேரம் பார்த்து என் போன் அலறியது. அவன் நகரத்தைக் கொளுத்திய அதே கும்பல் இப்போது என் நகரத்து மதிலை இடித்துக்கொண்டிருந்தது. சண்டையை விட்டுவிட்டுப் போனைத் தட்டத் தொடங்கினேன். குமார் எட்டிப் பார்த்தான்.

உதட்டுத் தழும்பைத் தொடும்போதெல்லாம் அடுத்து அவன் செய்ததுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து, மிச்சமிருந்த வீரர்களையெல்லாம் என் மதிலுக்குக் காவலாக அனுப்பினான்.