ஒடியாவுக்குப் போய் வந்த இரண்டு போன்கள்

என் மகளுக்குக் காது குத்தும் நாள் பார்த்துத் தம்பியின் போன் ஒடியா மொழிக்கு மாறியிருந்தது. அவன் ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது எங்கோ வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார்; எங்கள் வீட்டில் அவன். லீவில் வருவதாகச் சொல்லியிருந்தான். மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட, ஒடிசாவில் ஒரு காட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டான்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். அவர் வர முடியாவிட்டால் முறைக்கு மாமனாகும் வேறொருவர் உட்காருவார். என் கணவரின் அத்தை அதற்கென்று என் சித்தப்பா மகனுக்குப் புது வேட்டியே கட்ட வைத்துவிட்டார். அவனும் நல்லவன்தான். ஆனால் என் பிரசவத்தின்போது பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவன் என் தம்பி. என் மடியில் தம்பியின் துண்டை விரித்துக் குழந்தையை உட்கார வைக்கிறேன், அவன் வீடியோவில் வரட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள அவன் மொகம் தெரிஞ்சாச் சரி. இல்லீனா இவன் மடிதான் சாமி" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.

கோயிலில் சாமி கும்பிட்டு முடித்துத் தம்பியைக் கூப்பிட்டால் பேச்சு மட்டும் வருகிறது, படம் வரவில்லை. முந்தின நாள் போன் அப்படியே நின்றுவிட்டதாம். அங்கே ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக்கித் தன் மொழியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டார்.

"வீடியோவுக்கு அமுக்குனா என்னமோ கேக்குதுங்க்கா. ஒரு எழுத்தும் தெரியல. வேண்டாம்னு மூடிட்டேன்."

"ஏண்டா மூடுன?"

"தெரியாத லீவரத் தொடக்கூடாதுங்க்கா."

ரிக்கில் அதுதான் முதல் பாடம். கை கால் முழுசாக வீடு திரும்ப அது நல்ல பாடம். ஆனால் வேண்டாம் வேண்டாம் என்று அவன் மூட மூட, இவனுக்குக் கேமராவே ஆகாது போலிருக்கிறது என்று போன் முடிவு கட்டி, கேட்பதையும் நிறுத்திவிட்டது. வண்டியில் உடனிருந்தவர்கள் தங்கள் போன்களோடு டீசல் வாங்கப் போயிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடைக்காரர் எதிரில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

சித்தப்பா மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு யோசனை ஓடியது. தீபாவளிக்கு ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கினோம். அவனுடையது ஒடியா பேசுகிறதென்றால் என்னுடையதையும் ஒடியா பேச வைத்தால் என்ன?

வைத்தேன். திரை முழுக்கத் தேன்குழல் பிழிந்த மாதிரி எழுத்துகள். எட்டிப் பார்த்த என் கணவர், "ஏம்புள்ள, ஒண்ணு போனது பத்தாதுன்னு இதையும் தொலைச்சுட்டயா?" என்றார்.

"சித்த சும்மா இருங்க."

உள்ளுக்குள் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. போன வழியிலேயே தடவித் தடவித் திரும்பினேன். மொழிகளின் பட்டியலுக்கு வந்தால், அங்கே ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருந்தது. நடுவில் தமிழ், தமிழிலேயே! கும்பிடலாம் போல இருந்தது. அதைத் தொடாமல் மறுபடி முதலுக்கு வந்து, ஸ்பீக்கரைப் போட்டேன்.

"பல் சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்குது பாரு. அதை அமுக்கு. அடி வரைக்கும் தள்ளீட்டே போ. கடைசிக்கு மேல இருக்கறத அமுக்கு."

"வேற எதாச்சும் அழிஞ்சு போச்சுன்னா?"

"என்றதுல அழியல, உன்றதுலயும் அழியாது. நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா."

வந்தான். பூகோள உருண்டை ஒன்று வரும் என்றேன், வந்தது என்றான். அதை அமுக்கி, வருகிற பட்டியலைத் தள்ளிப் பார் என்றேன்.

"அக்கா! தமிழ்னு போட்டிருக்குதுங்க்கா!"

கோயிலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆசாரி கூடச் சிரித்துவிட்டார். அதற்கு மேல் நான் எதற்கு? கேமராவுக்கு அனுமதி கொடுக்கும் இடத்தைத் தானே படித்துத் தேடித் திறந்துவிட்டு, இதோ கூப்பிடுகிறேன் என்று வைத்தான்.

அழைப்பு வந்தது. என் போன் இன்னும் ஒடியாவில்தான் இருந்தது. பச்சையை அமுக்க எந்த மொழியும் வேண்டியதில்லை. அமுக்கிப் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, தம்பியின் துண்டை மடியில் விரித்துக் குழந்தையை உட்கார வைத்தேன். படம் தெளிந்தது. மண்ணும் கிரீசுமான சட்டையோடு, அடுக்கிய இரும்புக் குழாய்களின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மட்டும் ஒரு புதுத் துண்டு விரித்திருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று அத்தையைப் பார்த்துச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவரை எங்கே காணோம்? கணவர் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருந்தார்.

ஆசாரி ஊசியை எடுத்தார். அத்தை திரையைப் பார்த்து அதட்டினார்:

"ஏஞ்சாமி, காலை நல்லா மடக்கி உக்காரு. புள்ள உழுந்துறப் போவுது!"

அங்கே அவன் அவசரமாகக் காலை இழுத்து மடக்கிக்கொண்டான்.