வாசற்படியில் தேயாமல் கிடந்த செருப்பு

போன வருஷம் தை பிறந்த சமயம். தூத்துக்குடிக்கு வெளியே, திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டையில் எங்கள் பலசரக்குக் கடை. நான் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, வேலைக்கான பரீட்சைகள் எழுதிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அதாவது, எதில் கோளாறு வந்தாலும் சரிசெய்யத் துடித்துக்கொண்டிருந்தேன். அப்போது வாகாகச் சிக்கியது அப்பாவின் வலது கால்.

பெருவிரலுக்குக் கீழே, பாதத்தில் ஒரு புண். முதலில் வெறும் காய்ப்பாகத்தான் இருந்தது. அதற்கடியில் குழி விழுந்தது அப்பாவுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை நோயில் கால் நரம்புகள் மரத்துப்போயிருந்தன. "வலிக்கவே இல்லையேளா, பெறகு என்ன புண்ணு?" என்று மகள் என்னிடமே கேட்பார். அந்த வலி தெரியாததுதான் ஆபத்தே என்று படம் வரைந்து காட்டினேன், வீடியோ போட்டுக் காட்டினேன். "சரி, சரி" என்று கருப்பட்டிச் சிப்பத்தைப் பிரிக்கப் போய்விடுவார்.

கருப்பட்டி தனி வயிற்றெரிச்சல். உடன்குடியிலிருந்து வரவழைத்து விற்கிறார் இல்லையா, "சீனிதான் சுகரு. கருப்பட்டி மருந்துல்லா" என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். சொல்வதோடு நின்றாலும் பரவாயில்லை, காபியில் போட்டுக் குடிக்கவும் செய்வார்.

தூத்துக்குடியில் ஆறாத புண்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். புண்ணைச் சுற்றித் தடித்திருந்த தோலைச் சீவியெடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். "மருந்து பாதி வேலைதான் பார்க்கும். அந்த எடத்துல பாரமே விழக் கூடாது. நீங்க மிதிக்க மிதிக்கப் புண்ணு ஆறாது" என்றார். காலை அளவெடுத்து, புண்ணுக்கு நேராகப் பள்ளம் வெட்டிய தடிமனான செருப்பு ஒன்றும் செய்து கொடுத்தார்கள். நடக்கும்போதெல்லாம் அதைத்தான் போட வேண்டும். அப்பா பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

புண் ஆறவில்லை. வாராவாரம் டவுன் பஸ், வாராவாரம் கட்டு, வாராவாரம் அதே குழி. நான் சும்மா இருப்பேனா? சோற்றைக் குறைத்தேன், அம்மாவோடு சண்டை. கருப்பட்டிக் காபியை நிறுத்தினேன், அப்பாவோடு சண்டை. சர்க்கரை இறங்கியது. புண் மட்டும் அசையவில்லை.

"செருப்பு போடுதியளாப்பா?"

"போடாம? அது இல்லாம நான் தெருவுல எறங்குததே கெடையாது."

ஒருநாள் கட்டைப் பிரித்ததும் டாக்டரின் முகம் மாறியது. பாதம் வீங்கியிருந்தது, லேசான வாடை வேறு. "இப்படியே போனா எலும்புக்கு எறங்கிரும். பெறகு விரலை எடுக்கணும். அதோட நிக்குமான்னும் சொல்ல முடியாது" என்றார். அவர் கீழே கிடந்த செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த வரிகள் அப்படியே இருந்தன, தேயவே இல்லை.

"இது வேற புதுசா வாங்கினதா?"

"இல்ல டாக்டர், நீங்க குடுத்ததுதான். பத்திரமா வச்சிருக்கேம்லா" என்றார் அப்பா, பெருமையாக.

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் முட்டிக்கொள்ளச் சுவர் தேடினேன்.

மருந்து மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தோம். அப்பா வாசற்படியில் செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கட்டுப் போட்ட காலோடு சிமென்ட் தரையில் உள்ளே போனார். காலையிலிருந்து ராத்திரி வரை அவர் நிற்பதும் நடப்பதும் மூட்டை நகர்த்துவதும் அங்கேதான். செருப்பு மட்டும் வாசலில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது! நானும் நடை பழகிய நாளிலிருந்து அதே படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அதனால்தான் அது கண்ணில் படவே இல்லை.

"அப்பா! செருப்ப ஏன் கழத்துனிய?"

"ஏளா, கடைக்குள்ள செருப்பா? கல்லாவுக்கு மேல லட்சுமி இருக்கா, தெரியல?"

"நடக்கும்போது போடணும்னாருல்லா டாக்டர்!"

"கடைக்குள்ள நடக்குததெல்லாம் ஒரு நடையா?"

எண்ணெய் வாங்க வந்த பக்கத்துத் தெரு மாமா வேறு, "அண்ணாச்சி சொல்லுததும் ஞாயந்தானம்மா, யாவாரம் பாக்குத எடம்லா" என்று சேர்ந்துகொண்டார். "மாமா, நீங்க எண்ணெய மட்டும் வாங்குங்க" என்றேன்.

பழைய அளவிலேயே இன்னொரு ஜோடி செய்யச் சொல்லி, இரண்டு நாளில் வாங்கி வந்தேன். தெருவையே மிதிக்காதது, கடைக்குள் மட்டும் போட. அப்பா தொடக்கூட இல்லை. "புதுசுன்னாலும் செருப்பு செருப்புதான்." ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள் அம்மா. அதுவரை அவளும் லட்சுமி கட்சிதான்; தினமும் விளக்கேற்றுவதே அவள்தான். தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"காலை எடுத்துட்டுக் கட்டைக்கால் மாட்டி விட்டாவன்னா, அதையும் வாசல்ல கழத்தி வச்சிட்டுத்தான் உள்ள வருவியளோ?"

பாதி கட்டிய பருப்புப் பொட்டலத்தோடு அப்பா நின்றுவிட்டார். நூல் கையிலிருந்து நழுவி உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

பிறகு அப்பாவே அந்தப் புது ஜோடியை எடுத்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார், வாரில் குங்குமம் வைத்தார், லட்சுமி படத்தை நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே நின்றபடியே காலில் மாட்டினார். வைத்தியச் செருப்புக்குக் குங்குமம்! நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது பெரிய சாதனை.

வைகாசி வாக்கில் தோல் மூடியது. மூடினாலும் அதே இடம் லேசில் திறந்துகொள்ளுமாம். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், செருப்புக்குள் கல் கிடக்கிறதா என்று கைவிட்டுத் தடவிவிட்டுத்தான் போட வேண்டும் என்றார் டாக்டர். கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. "கருப்பட்டியாலதான் ஆறிச்சி" என்று அப்பா இன்றைக்கும் ஆட்களிடம் சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

செருப்பு போடுகிறீர்களா என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் அவர் பொய் சொல்லவில்லை. எங்கே கழற்றுகிறீர்கள் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போதும் யாராவது "சொன்னபடி செஞ்சிட்டுத்தான் இருக்கேன்" என்றால், வாசற்படியில் தேயாமல் கிடந்த அந்தச் செருப்புதான் கண்முன் வருகிறது. கோபப்படுவதற்கு முன்னால் இன்னும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்.