பெட்டிக்குப் புது கார்டு

சங்ககிரியில் வீட்டிலிருந்தே லாரி புக்கிங் பார்க்கும் ரஞ்சிதா, வேகமான பிராட்பேண்ட் போட்டும் படம் நின்று நின்று வருகிறதென்று இணைப்பு கொடுத்தவர்களை மூன்று நாளாக வறுத்தெடுத்தாள். லாரியோடு நாக்பூர் போன கணவர் முருகானந்தத்தின் முகம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

பழுது பார்க்க வந்த ஜோதி கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். "லைன்ல குத்தமில்லைங்கக்கா. ரோடு ஆறு வழிங்க, உங்க வண்டிதான் பழசு. நெட் கார்டும் ரேமும் மாத்தோணும்."

லாரிக் கணக்கில் சொன்னதும் ரஞ்சிதாவுக்குப் புரிந்துவிட்டது. வண்டிக்கு வாங்கும் புதுச் சாமானுக்குச் செய்வதுபோல, கார்டுக்கும் எலுமிச்சம்பழம் சுற்றிய பிறகே மாட்ட விட்டாள். சந்தனம் வைக்கப் போன கையை மட்டும் ஜோதி பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் முருகானந்தம் திரையில் பளிச்சென்று வந்தார். "சாப்பிட்டு நல்லாத் தூங்கினேன்" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார்.

சிவந்த கண்ணும் ஒட்டிய கன்னமும் ரஞ்சிதாவுக்கு அப்படியே தெரிந்தன. "ஏனுங்க, இத்தனை நாளும் இப்படித்தான் பொய் சொன்னீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "பழைய பெட்டியே தேவலாம் போல."

"வண்டி நிக்கிற எடத்துலயே படுங்க. நீங்க தூங்கறதை நான் பார்க்கோணும்."

போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் கண்ணை மூடினார். வெகுநேரம் படம் அசையாமல் நின்றது. இந்த முறை ரஞ்சிதா யாரையும் திட்டவில்லை.